காற்றும் கரியும்: வாசகர் கேள்வி-பதில்

சென்ற இதழில் கரியமில வாயு கூடிப் பூமி சூடாவது பற்றியும், மின்சாரத்துக்கு அரசு செலவழிக்கும் பணம் பற்றியும் எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதி என்னோடு சண்டைக்கு நிற்கின்றன. அவற்றுக்கே முதலிடம் கொடுத்திருக்கிறேன். புதிதாகப் படிப்பவர்களுக்கு: நான் மின்துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். பணிக்காலத்தின் பெரும்பகுதி கயத்தாறு, ஆரல்வாய்மொழிப் பக்கத்துத் துணைமின் நிலையங்களில் போனது.

மரம், மண், கடல், எரிமலை, நாம் விடும் மூச்சு என்று எல்லாமே கரியமில வாயுவை வெளிவிடுகின்றன. வருடா வருடம் காற்றுக்குப் போவதில் மனிதன் எரிப்பதால் வருவது 5 சதவீதம்கூட இல்லை என்று படித்தேன். 95 சதவீதத்தை விட்டுவிட்டு இந்த 5 சதவீதத்தைப் பிடித்துக்கொண்டு ஏன் கூச்சல்?
– சாத்தூர் வாசகர்

நீங்கள் படித்த கணக்கு சரிதான் ஐயா. ஆனால் அது வரவுப் பக்கம் மட்டும். செலவுப் பக்கத்தையும் பாருங்கள். காடும் மண்ணும் கடலும் எவ்வளவு விடுகின்றனவோ, ஏறக்குறைய அவ்வளவையும் அதே ஆண்டில் திரும்ப எடுத்துக்கொள்கின்றன. உங்கள் ஊர்க் கண்மாயில் வரத்தும் மறுகாலும் சமமாக இருக்கும்வரை எவ்வளவு தண்ணீர் ஓடினாலும் மட்டம் ஏறாது. அதில் ஒரு சின்ன வாய்க்காலைக் கூடுதலாகத் திருப்பிவிட்டு, வெளியேறும் வழியைப் பெரிதாக்காமல் விட்டால், ஒருநாள் கரை தாங்காது. அந்தச் சின்ன வாய்க்கால்தான் நம் 5 சதவீதம்.

எண்ணாகச் சொன்னால், நிலக்கரி, பெட்ரோல், டீசல், எரிவாயு, சிமென்ட் எல்லாம் சேர்த்து உலகம் ஆண்டுக்குச் சுமார் 3,700 கோடி டன் கரியமில வாயுவை விடுகிறது. அதில் பாதிக்குச் சற்றுக் குறைவு காற்றிலேயே தங்கிவிடுகிறது. மீதியைக் கடலும் காடும் விழுங்கிக்கொள்கின்றன. அதாவது இயற்கை இன்றைக்கு நிகரமாக வாங்கிக்கொள்ளும் பக்கத்தில் இருக்கிறது. நம் கழிவில் பாதியைச் சுமப்பதே அதுதான். அதன் தலையில் பழியைப் போடுவது நியாயமில்லை.

மட்டம் எவ்வளவு ஏறியிருக்கிறது? ஹவாய்த் தீவின் மௌனா லோவா எரிமலைச் சரிவில் சார்லஸ் கீலிங் என்ற விஞ்ஞானி 1958-ல் அளக்கத் தொடங்கியபோது, பத்து லட்சம் பங்கு காற்றில் 315 பங்கு கரியமில வாயு இருந்தது. 2024-ல் அதே இடத்தில் ஆண்டுச் சராசரி 424. தொழிற்புரட்சிக்கு முன் 280 இருந்தது என்பது அண்டார்டிகா பனிக்கட்டிக்குள் அடைபட்ட பழைய காற்றுக்குமிழ்களைப் பிரித்துப் பார்த்ததில் தெரிந்தது.

சரி, ஏறியது நம்முடையதுதான் என்று எப்படித் தெரியும்? எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த இடம் இதுதான். கார்பன் அணுவில் மூன்று ரகம் உண்டு: 12, 13, 14. கார்பன்-14 கதிரியக்கம் உள்ளது. 5,730 ஆண்டில் பாதியாகக் குறைந்துவிடும். நிலக்கரியும் பெட்ரோலும் பல லட்சம், பல கோடி ஆண்டுகள் மண்ணுக்குள் கிடந்தவை. அவற்றில் கார்பன்-14 மிச்சமே இருக்காது. ஆகவே அவற்றை எரித்தால் வரும் புகை, காற்றிலிருக்கும் கார்பன்-14-ன் விகிதத்தைக் குறைக்க வேண்டும். ஹான்ஸ் சூயஸ் என்ற வேதியியலாளர் 1950-களிலேயே மரங்களின் ஆண்டு வளையங்களை அளந்து, குறைந்திருப்பதைக் காட்டிவிட்டார். கார்பன்-13 இன்னொரு சாட்சி. செடிகள் கார்பன்-12-ஐத்தான் விரும்பி எடுக்கும். செடியிலிருந்து வந்த நிலக்கரியிலும் 13 குறைவு. காற்றில் 13-ன் விகிதம் வருடா வருடம் இறங்குகிறது. மூன்றாவது சாட்சி ஆக்சிஜன். எதை எரித்தாலும் ஆக்சிஜன் செலவாகும். சார்லஸ் கீலிங்கின் மகன் ரால்ஃப் கீலிங் கடந்த முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அதை அளக்கிறார். அதுவும் இறங்குமுகம்தான். எரிமலை வாயு இப்படி ஆக்சிஜனைத் தின்னாது. போதாததற்கு, உலகத்து எரிமலைகள் எல்லாம் சேர்ந்து ஒரு வருடத்தில் விடுவதைப்போல நாம் நூறு மடங்குக்கும் மேல் விடுகிறோம்.

மூச்சு பற்றிக் கேட்டீர்கள். நாம் வெளிவிடும் கார்பன் நாம் சாப்பிட்ட சோற்றிலிருந்து வந்தது. அந்த நெல் அதைப் போன போகத்தில் காற்றிலிருந்து எடுத்தது. எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கிறோம், அவ்வளவுதான். மூச்சு விடுவதற்காக யாரும் வருத்தப்பட வேண்டாம்.

சூரியன் சூடாகிவிட்டது, அதுதான் காரணம் என்கிறார் என் மைத்துனர். அவரை மடக்க ஒரு வழி சொல்லுங்கள்.
– திருமங்கலம் வாசகி

மடக்க வேண்டாம் அம்மா, இரண்டு விஷயத்தைச் சொல்லிவிட்டு அவரையே யோசிக்கச் சொல்லுங்கள். ஒன்று, 1970-களின் கடைசியிலிருந்து செயற்கைக்கோள்கள் சூரிய வெப்பத்தை நேரடியாக அளக்கின்றன. பதினொரு வருடச் சுற்றில் கொஞ்சம் ஏறி இறங்குகிறதே தவிர, மொத்தத்தில் ஏறவில்லை. பூமி ஏறியிருக்கிறது. இரண்டு, சூரியன்தான் காரணம் என்றால் காற்று மண்டலம் மேலிருந்து கீழ்வரை முழுக்கச் சூடாக வேண்டும். நடப்பதோ வேறு. கீழடுக்கு சூடாகிறது, அதற்கு மேலே உள்ள அடுக்கு குளிர்கிறது. கரியமில வாயு கூடினால் இப்படித்தான் ஆகும் என்று சியுகுரோ மனாபே என்ற விஞ்ஞானி 1967-லேயே கணக்குப் போட்டுச் சொன்னார். அளவீடுகள் பிற்பாடு வந்து அவர் சொன்னதை உறுதிசெய்தன. 2021-ல் அவருக்கு இயற்பியல் நோபல் கிடைத்தது.

கரியமில வாயு செடிக்குச் சாப்பாடுதானே? கூடினால் விளைச்சலும் கூடுமே, விவசாயிக்கு லாபம்தானே?
– மன்னார்குடி வாசகர்

நெல்லுக்கு ஓரளவு உண்மை. சோளம், மக்காச்சோளம், கரும்புக்கு அந்த லாபம் மிகக் குறைவு, அவற்றின் உடலமைப்பு வேறு. ஆனால் நெல் வாயுவை மட்டும் குடித்து விளைவதில்லை. நெல்லுக்கு ராத்திரி குளிர வேண்டும். பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் தன் சொந்த வயல் கணக்கை வைத்து 2004-ல் ஒரு ஆய்வை வெளியிட்டது. பயிர் நிற்கும் காலத்தில் இரவு வெப்பம் ஒரு டிகிரி கூடினால் மகசூல் பத்து சதவீதம் குறைகிறது என்றது அது. மன்னார்குடியில் இப்போது ராத்திரி பத்து மணிக்குக் களத்துமேட்டில் உட்கார்ந்து பார்த்தால் உங்களுக்கே தெரியும். தவிர, கரியமில வாயு கூடிய காற்றில் விளைந்த நெல்லிலும் கோதுமையிலும் புரதமும் துத்தநாகமும் குறைவதாகச் சோதனை வயல்களில் கண்டிருக்கிறார்கள். கதிர் கனமாகத் தெரிந்தாலும் சத்து குறைந்தால் அதில் என்ன லாபம்?

அறிவியலை ஒத்துக்கொள்கிறேன். என் சண்டை வேறு. அரசு மானியம் கொடுக்காவிட்டால் காற்றாலையும் சோலாரும் ஒருநாள்கூட நிற்காது. தானாக நிற்க முடியாத தொழிலுக்கு என் வரிப்பணம் எதற்கு?
– சிவகாசி வாசகர், அச்சகம் நடத்துபவர்

வந்த கடிதங்களிலேயே எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. நீங்கள் தொழில் நடத்துகிறவர், காசின் அருமை தெரிந்து கேட்கிறீர்கள். விரிவாகவே சொல்கிறேன்.

முதலில், தானாக நின்ற மின்சாரம் என்று நம் ஊரில் எதுவும் கிடையாது. 1932-ல் பைக்காரா நீர்மின் நிலையத்தைக் கட்டியது சென்னை மாகாண அரசு. மேட்டூரும் அரசுப் பணம். நெய்வேலியில் மண்ணைத் தோண்டி பழுப்பு நிலக்கரி எடுக்க மத்திய அரசு 1956-ல் நிறுவனம் தொடங்கியது. அனல்மின் நிலையத்துக்குச் சோவியத் நாட்டு உதவியும் வந்தது. கல்பாக்கத்தைச் சொல்லவே வேண்டாம். உங்கள் அச்சகத்துக்கு வரும் கம்பி ஒவ்வொன்றும் யாரோ கட்டிய வரியில் இழுக்கப்பட்டது. ஆகவே அரசு பணம் போடலாமா என்ற கேள்விக்கு நூறு வருடமாக விடை தெரியும். எதில் போடுவது, எப்போது நிறுத்துவது, இவைதான் கேட்க வேண்டியவை. இதில் நீங்களும் நானும் ஒரே பக்கம் நிற்கலாம் என்று நினைக்கிறேன்.

காற்றாலையின் கதையைப் பாருங்கள். 1986-ல் தூத்துக்குடியில் சோதனைக் காற்றாலைகள் நின்றன. பிறகு 90-களில் முப்பந்தலிலும் கயத்தாற்றிலும் தனியார் வந்தார்கள். அவர்களை இழுத்து வந்தது தேய்மானச் சலுகை. காற்றாலையின் விலையில் பெரும்பகுதியை முதல் ஆண்டிலேயே வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம். கோயம்புத்தூர், திருப்பூர் மில்காரர்கள் அப்படித்தான் எங்கள் பக்கம் வந்தார்கள். காத்தாடி வந்தது, சாலை வந்தது, ஊர்ப் பிள்ளைகளுக்கு வேலை வந்தது. ஆனால் சலுகை, காத்தாடியை நட்டதற்குத்தான் கிடைத்தது, சுற்றியதற்கு அல்ல. வரி மிச்சமானால் போதும் என்று, காற்று சரியாக வராத இடத்தில் நட்டவர்களும் உண்டு. கியர்பாக்ஸ் உடைந்து மாதக்கணக்கில் கவனிப்பாரின்றி நின்ற காத்தாடிகளை நான் பார்த்திருக்கிறேன். இறக்கை வடக்கே பார்த்தபடி நிற்கும், காற்று மேற்கிலிருந்து அடிக்கும். மனது வலிக்கும்.

அதைத் திருத்தத்தான் 2009-ல் உற்பத்தி ஊக்கத்தொகை வந்தது. ஓடி மின்சாரம் கொடுத்தால் யூனிட்டுக்கு 50 காசு. எனக்கு இந்த முறை பிடிக்கும், ஏனென்றால் மீட்டர் ஓடினால்தான் பணம். 2012-ல் இரண்டு சலுகையும் சேர்ந்தாற்போல நின்றன. புதிய காத்தாடி வேலை சட்டென்று படுத்துவிட்டது. 2014-ல் தேய்மானச் சலுகை திரும்ப வந்தது, 2017-லிருந்து 80 சதவீதம் 40 ஆனது. கொடுப்பதும் பிடுங்குவதுமாக இருந்தால் எந்தத் தொழிலும் அடிபடும். அரசிடம் எனக்குள்ள பெரிய மனத்தாங்கல் இதுதான். குறைக்கிறீர்களா, ஐந்து வருடத்துக்கு முன்பே தேதி போட்டுச் சொல்லிவிட்டுக் குறையுங்கள்.

சோலாருக்கு வருவோம். 2010-ல் தேசிய சூரிய மின்திட்டம் தொடங்கியபோது மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் வைத்த விலை யூனிட்டுக்கு 17 ரூபாய் 91 காசு. அந்த ஆண்டுக் கடைசியில், யார் குறைந்த விலைக்குத் தருவார் என்று நடத்திய ஏலத்தில் 10 ரூபாய் 95 காசுக்கு இறங்கியது. 2017-ல் ராஜஸ்தானின் பட்லாவில் 2 ரூபாய் 44 காசு. 2020 டிசம்பரில் குஜராத்தில் 1 ரூபாய் 99 காசு. புது அனல்மின் நிலையம் எதுவும் இந்த விலையைத் தொட முடியாது. உங்கள் வரிப்பணம் வீணாகவில்லை ஐயா. ஜெர்மனிக்காரர் 2000-லிருந்து கொட்டிய பணமும் சீனர்கள் கட்டிய தொழிற்சாலைகளும் நம் திட்டமும் சேர்ந்து, பத்தே வருடத்தில் ஒரு சாமானின் விலையை இப்படி இறக்கியிருக்கின்றன. இன்றைக்குப் பெரிய சோலார் பண்ணைக்கு மானியம் கொடுக்கக் கூடாது என்று நீங்கள் சொன்னால், நானும் கைதூக்குவேன். அது வளர்ந்த பிள்ளை.

தவறாகப் போன பணமும் உண்டு. நம் மாநிலம் யூனிட்டுக்கு 7 ரூபாய் 1 காசு என்று விலை வைத்து 25 ஆண்டுக்கு ஒப்பந்தம் போட்டது. 2016-ல் வந்த 648 மெகாவாட் கமுதி நிலையம் அந்த விலையில்தான் வந்தது. அடுத்த ஆண்டே ஏல விலை அதில் பாதிக்கும் கீழே போய்விட்டது. விலை இறங்கிக்கொண்டிருக்கும் சாமானுக்குக் கால் நூற்றாண்டுக்கு ஒரே விலையை எழுதிக் கொடுக்கக் கூடாது. ஏலம்தான் சரி.

இன்னொன்றையும் பேசியாக வேண்டும். நிலக்கரிக்கு மானியமே இல்லை என்று நினைக்காதீர்கள். அதற்குக் கொடுப்பது கணக்குப் புத்தகத்தில் வராது. எண்ணூரில் கொசஸ்தலை ஆற்றின் கழிமுகத்தில் கொட்டிக் கிடக்கும் சாம்பலை யார் காசு கொடுத்து அள்ளுவது? அங்கே இறால் பிடித்தவர்கள் இழந்ததை யார் கட்டுவது? அனல்மின் நிலையப் புகையிலிருந்து கந்தகத்தைப் பிரிக்கும் கருவி வைக்கச் சொல்லி 2015 டிசம்பரில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் உத்தரவு போட்டது. கெடு 2017. கெடு தள்ளித் தள்ளிப் போய், 2025 ஜூலையில் பெரும்பாலான நிலையங்களுக்கு வேண்டாம் என்றே விலக்கு கொடுத்துவிட்டார்கள். வைக்காமல் விட்ட கருவியின் விலையை ஆஸ்பத்திரியில் கட்டுவது பக்கத்து ஊர்க்காரர்.

நிலக்கரிக்கு டன்னுக்கு 50 ரூபாய் வரி 2010-ல் போட்டார்கள். சுத்தமான மின்சாரத்துக்கு என்றே தனி நிதி. 2016-ல் அது 400 ரூபாய் ஆனது. 2017-ல் ஜிஎஸ்டி வந்தபோது, அந்தப் பணம் மாநிலங்களுக்கு இழப்பீடு கொடுக்கும் கணக்குக்குத் திருப்பிவிடப்பட்டது. 2025 செப்டம்பரில் அந்த வரியையே எடுத்துவிட்டு ஜிஎஸ்டியை 18 சதவீதமாக்கினார்கள். வரிப்பணம் எங்கே போகிறது என்று கேட்கிற நீங்கள், இந்தக் கேள்வியையும் உங்கள் எம்.பி.யிடம் கேட்க வேண்டும்.

ஆடி மாதம் காற்று பிய்த்துக்கொண்டு அடிக்கும்போதே எங்கள் ஊர்க் காத்தாடிகளை நிறுத்தி வைக்கிறார்களே, இது என்ன நியாயம்?
– ஆரல்வாய்மொழி வாசகர்

உங்கள் ஊரில் நின்று பார்த்தால் கோபம் வரத்தான் செய்யும். உள்ளேயிருந்து பார்த்தவன் சொல்கிறேன்.

தென்மேற்குப் பருவக்காற்று மலை இடைவெளியில் நெருக்கிக்கொண்டு வரும். உங்கள் ஆரல்வாய்மொழிக் கணவாய், செங்கோட்டை, பாலக்காடு, எல்லாமே அந்த மாதிரி வாசல்கள்தான். மே கடைசியில் ஆரம்பித்து செப்டம்பர், அக்டோபர் வரை சீசன். நல்ல நாளில் மாநிலம் முழுக்கக் காத்தாடிகள் 10 கோடி யூனிட்டுக்கு மேல் கொடுக்கும். மாநிலத்தின் ஒரு நாள் தேவை 30 கோடிக்கு மேல் என்றால், எவ்வளவு பெரிய பங்கு என்று பாருங்கள்.

கட்டுப்பாட்டு அறையில் எங்கள் கண் எப்போதும் ஒரே முள்ளில் இருக்கும்: 50 ஹெர்ட்ஸ், அதாவது மின்சாரம் நொடிக்கு எத்தனை முறை துடிக்கிறது என்ற கணக்கு. உற்பத்தி தேவையை மிஞ்சினால் முள் ஏறும், குறைந்தால் இறங்கும். 49.90-க்குக் கீழேயும் போகக் கூடாது, 50.05-க்கு மேலேயும் போகக் கூடாது. சாயங்காலம் ஐந்து மணிக்குக் கணவாயில் காற்று ஏறும். அதே நேரத்தில் மாநிலத்தின் வேறு பக்கம் மழை பிடித்தால் பம்புசெட்டு நிற்கும், ஏசி நிற்கும், லோடு படபடவென்று விழும். முள் 50.10-ஐத் தாண்டும். அனல்மின் நிலையத்தைக் கொதிகலன் தாங்கும் அளவுக்குத்தான் குறைக்க முடியும், ஸ்விட்சைப் போல அணைக்க முடியாது. அப்போதுதான் சென்னையிலிருந்து போன் வரும், இந்த ஃபீடரை எடுங்கள், அதாவது காத்தாடி மின்சாரம் வரும் கம்பியைத் துண்டியுங்கள் என்று. எடுத்த மறுநிமிடம் காத்தாடிக்காரர் கூப்பிடுவார்: "சார், இப்பத்தான் காத்தே வந்திருக்கு." என்ன பதில் சொல்வது? காற்றாலை மின்சாரத்தை முடிந்தவரை எடுத்தாக வேண்டும் என்றுதான் விதி. கிரிட் என்கிற மொத்த மின்கட்டமைப்பின் பாதுகாப்புக்காக மட்டுமே நிறுத்தலாம்.

இன்னொரு காரணம் கம்பி. காற்று தெற்கே, தொழிற்சாலை வடக்கேயும் மேற்கேயும். காத்தாடியை ஆறு மாதத்தில் நட்டுவிடலாம், 400 கிலோவோல்ட் பாதை போட வருடக்கணக்கில் ஆகும். பசுமை மின்வழித்தடம் என்று தனித்திட்டம் போட்டு, கயத்தாறு, தப்பகுண்டு பக்கமெல்லாம் பெரிய துணைமின் நிலையங்கள் வந்த பிறகு நிலைமை நன்றாகவே மாறியது. அரசுப் பணம் போக வேண்டிய இடம் என்றால் நான் முதலில் இதைச் சொல்வேன். காத்தாடி நடத் தனியார் வருவார்கள். கம்பி இழுக்க அரசுதான் வர வேண்டும்.

முப்பந்தலில் நல்ல காற்று வரும் இடங்களை இன்னும் 90-களின் சின்ன மெஷின்கள் பிடித்துக்கொண்டிருக்கின்றன. 225, 250 கிலோவாட், கம்பிக்கூட்டுத் தூண், உயரமும் குறைவு. அதே இடத்தில் இன்றைய 2, 3 மெகாவாட் மெஷின் நின்றால் பல மடங்கு வரும். பழையதை மாற்றுவதற்கு மாநில அரசு 2024-ல் கொள்கை கொண்டுவந்திருக்கிறது. நிலத்தகராறும் பங்குத்தகராறும் தீர்ந்தால் வேகம் எடுக்கும்.

ராத்திரி சூரியன் இல்லை, மார்கழியில் காற்று இல்லை. அப்போது கடைசியில் நிலக்கரிதானே?
– பொள்ளாச்சி வாசகர்

விடை உங்கள் ஊருக்கு மேலேயே இருக்கிறது. ஆனைமலையில் காடம்பாறை. 400 மெகாவாட், 1980-களின் கடைசியிலிருந்து ஓடுகிறது. மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் மேல் ஆழியாறு அணையிலிருந்து தண்ணீரை மேலே காடம்பாறைக்கு ஏற்றுவார்கள். தேவைப்படும் நேரத்தில் அதே தண்ணீரை இறக்கி, அதே மெஷினில் மின்சாரம் எடுப்பார்கள். மின் நிலையம் மலைக்குள் குடைந்த குகையில் இருக்கிறது. சுரங்கப்பாதைக்குள் நுழைந்ததும் ஈரப்பாறை வாசனை, அப்புறம் டர்பைன் தரையில் கால் வைத்தால் உள்ளங்காலில் அதிர்வு தெரியும். ஏற்றுவதற்குச் செலவான மின்சாரத்தில் நாலில் மூன்று பங்கு திரும்பக் கிடைக்கும். நீலகிரியில் குந்தா 500 மெகாவாட் திட்டமும் இதே வகை. அதை முடிப்பதில் அவசரம் காட்ட வேண்டும்.

பேட்டரி விலையும் சோலார் வந்த வழியிலேயே இறங்கி வருகிறது. உச்சி வேளையில் மிஞ்சுவதைச் சேர்த்து வைத்து சாயங்காலம் ஆறிலிருந்து பத்து வரை கொடுத்தாலே பாதித் தலைவலி தீரும். நிலக்கரி நாளைக்கே போய்விடும் என்று நான் சொல்லமாட்டேன். 2025 நடுவில் இந்தியாவின் மின்நிலையத் திறனில் பாதி நிலக்கரி, எரிவாயு அல்லாதது என்ற நிலை வந்தது. நல்ல செய்தி. ஆனால் உண்மையில் ஓடி வரும் யூனிட்டில் நாலில் மூன்று பங்கு, கொஞ்சம் முன்பின்னாக, இன்னும் நிலக்கரியிலிருந்துதான் வருகிறது. இந்த இரண்டு எண்ணையும் சேர்த்துச் சொல்லாதவர் யாராக இருந்தாலும், அரசியல்வாதியானாலும் சுற்றுச்சூழல்காரரானாலும், பாதியை மறைக்கிறார்.

அமெரிக்காவும் சீனாவும் புகை விட, நாம் ஏன் கஷ்டப்பட வேண்டும்?
– மேலூர் வாசகர்

ஆளுக்கு வருடத்துக்கு எவ்வளவு என்று பார்த்தால் அமெரிக்கர் சுமார் 14 டன், சீனர் 8 டன்னுக்கு மேல், இந்தியர் சுமார் 2 டன். இதுவரை விட்ட மொத்தப் புகையில் கால் பங்கு அமெரிக்காவுடையது. ஆகவே உங்கள் கோபம் நியாயம். அவர்கள் பணம் தர வேண்டும் என்று சர்வதேச மேடையில் நாம் உரக்கக் கேட்க வேண்டும், கேட்கிறோம். ஆனால் காற்றும் வெயிலும் சொந்தமாகக் கிடைக்க, தூத்துக்குடித் துறைமுகத்தில் வெளிநாட்டு நிலக்கரியை டாலர் கொடுத்து ஏன் இறக்க வேண்டும்? அமெரிக்கா திருந்தினாலும் திருந்தாவிட்டாலும் இது நமக்கு நல்லது.

கமுதியில் 2,500 ஏக்கரில் சோலார் பலகை பரப்பியிருக்கிறார்கள். ஆடு மேய்த்த இடம் போயிற்று. இதுவா பசுமை?
– முதுகுளத்தூர் வாசகி

ஆடு வளர்ப்பவர்களிடம் கேட்காமல் செய்தால் அது சரியில்லை, எந்த நிறத்தில் இருந்தாலும் சரியில்லை. பட்டா நிலத்தின் சொந்தக்காரருக்குப் பணம் கிடைக்கிறது, மேய்ச்சல்காரருக்குக் காகிதம் எதுவும் கிடையாது. அதனால் அவர் கணக்கிலேயே வருவதில்லை. பலகையை ஆள் உயரத்துக்குத் தூக்கி நட்டால் அடியில் புல் முளைக்கும், ஆடும் மேயலாம். செலவு கொஞ்சம் கூடும். அரசு மானியம் கொடுக்க நினைத்தால் இந்தக் கூடுதல் செலவுக்குக் கொடுக்கட்டும். கிராமசபையில் கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள்.

என் மகன் நெய்வேலி சுரங்கத்தில் ஒப்பந்தத் தொழிலாளி. நிலக்கரி வேண்டாம் என்று நீங்கள் எழுதும்போது என் வயிறு கலங்குகிறது.
– விருத்தாசலம் வாசகி

உங்கள் கடிதத்தை இரண்டு நாள் மேசையிலேயே வைத்திருந்தேன் அம்மா. அந்த ஊர் எங்கள் வீட்டுக்கெல்லாம் வெளிச்சம் கொடுத்த ஊர். அதற்காக நிலத்தையும் வீட்டையும் கொடுத்தவர்களும் உங்கள் பக்கத்து ஊர்க்காரர்கள்தான். 2023 ஜூலையில் வளையமாதேவியில், சுரங்கத்துக்காக எடுத்த நிலத்தில், கதிர் வரும் பயிரின் மேல் இயந்திரத்தை விட்டதைப் பார்த்து நானும் கலங்கினேன்.

சுரங்கம் சீக்கிரத்தில் மூடாது, உங்கள் மகன் வேலை நாளைக்கே போகாது. ஆனால் அவருடைய இருபது வருடத்தை நினைத்தால் இப்போதே பேச வேண்டும். நெய்வேலி நிறுவனமே ஆயிரம் மெகாவாட்டுக்கு மேல் சூரிய மின்நிலையங்கள் வைத்திருக்கிறது. அந்த நிலையங்களில் வேலை யாருக்கு? நிரந்தரத் தொழிலாளியை நிறுவனம் இடம் மாற்றும், ஒப்பந்தத் தொழிலாளியை யார் மாற்றுவார்? தொழிற்சங்கம் கையில் எடுக்க வேண்டிய விஷயம் இது. மின்பணியாளர் பயிற்சியும், சம்பளத்தோடு கூடிய மாற்று வேலையும் எழுத்தில் உறுதி தராமல் எந்தச் சுரங்கத்தையும் மூடக் கூடாது. புதுப்பிக்கும் மின்சாரத்துக்கு அரசு ஒதுக்கும் பணத்தில் முதல் பங்கு உங்கள் மகனைப் போன்றவர்களுக்குப் போக வேண்டும் என்பது என் தீர்மானமான கருத்து. சங்கக் கூட்டத்தில் அவர் இதைப் பேசட்டும். பேச வேண்டியதை எழுதிக் கொடுக்க நான் தயார்.

மாடியில் 3 கிலோவாட் சோலார் போடச் சொல்லி ஒரு ஏஜென்ட் தினமும் வருகிறார். போடலாமா?
– தென்காசி வாசகி

முதலில் மின்கட்டண அட்டையை எடுத்து ஒரு வருடத்து யூனிட்டைப் பாருங்கள். நம் பக்கம் ஒரு கிலோவாட் ஒரு நாளைக்குச் சராசரியாக 4 யூனிட் கொடுக்கும். 3 கிலோவாட் என்றால் இரண்டு மாதத்துக்கு 700 யூனிட் போல வரும். உங்கள் வீட்டில் இரண்டு மாதத்துக்கு 200 யூனிட்தான் ஓடுகிறது, அதிலும் முதல் 100 இலவசம் என்றால், போட்ட பணம் திரும்பப் பல வருடமாகும். 500, 600 ஓடுகிற வீடு என்றால் தாராளமாகப் போடுங்கள்.

பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் முதல் இரண்டு கிலோவாட்டுக்கு தலா 30,000, மூன்றாவதுக்கு 18,000, மொத்தம் 78,000 ரூபாய் மானியம். நிலையம் ஓடத் தொடங்கிய பிறகு உங்கள் வங்கிக் கணக்குக்கே வரும். மானியத்தைக் கழித்துக்கொண்டு தருகிறேன் என்று ஏஜென்ட் சொன்னால், எழுதி வாங்குங்கள். சோலார் செல், பலகை இரண்டுமே இந்தியாவில் செய்ததாக இருந்தால்தான் மானியம் கிடைக்கும். பில்லில் அது இருக்கிறதா என்று பாருங்கள். பதிவு செய்த விற்பனையாளர்தானா என்பதைத் திட்டத்தின் இணையதளத்தில் பார்க்கலாம்.

தென்காசியில் சாரல் காற்று பலமாக அடிக்கும். தாங்கும் சட்டம் துத்தநாகம் பூசிய இரும்பாக இருக்கட்டும், கான்கிரீட் கட்டையில் நன்றாகப் பதிக்கச் சொல்லுங்கள். மாடித் தண்ணீர்த் தொட்டியின் நிழல் காலை ஒன்பது முதல் மாலை மூன்று வரை எங்கே விழுகிறது என்று ஒரு நாள் சாக்குக்கட்டியால் கோடு போட்டுப் பாருங்கள். அந்தக் கோட்டுக்குள் பலகை வரக் கூடாது, ஒரு மூலை நிழல் பட்டாலும் வரிசை முழுதும் உற்பத்தி குறையும். துடைப்பதானால் விடியற்காலையில் மெல்லிய துணியால் துடையுங்கள். உச்சிவெயிலில் கொதிக்கும் கண்ணாடியில் குளிர்ந்த தண்ணீரை ஊற்ற வேண்டாம். ஏஜென்ட் கொடுத்த விலைப்பட்டியலை நகலெடுத்து இதழ் முகவரிக்கு அனுப்புங்கள், அடுத்த வாரத்துக்குள் பார்த்துச் சொல்கிறேன்.